அரை என்றால் எவ்வளவு

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே வந்து ஐந்து வாரம் ஆகிறது. போனில் பேசியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். போனில் நீங்கள் கேள்வி கேட்பீர்கள், நான் "ம்" என்பேன், பக்கத்திலிருந்து அண்ணன் "சாப்பிட்டாளான்னு கேளு" என்பார், அதோடு முடிந்துவிடும். எனக்கு ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் கடிதம்.

இது பிராணிகள் காப்பகம். தெருநாய்களுக்கும் பூனைகளுக்கும் கருத்தடை அறுவை நடக்கிறது, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு. தகரக் கூரை போட்ட நீளமான அறை, நான்கு மேசைகள், சுவரில் தட்டு அளவுக்கு ஒரு கடிகாரம். மருத்துவர் ஆறடிக்கும் மேலே உயரம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "அஞ்சாச்சு, துடிப்ப எண்ணுங்க" என்று குரல் கொடுப்பார். எல்லோரும் அவரை மணிக்கூண்டு என்கிறார்கள். அவருக்கும் அது தெரியும்.

கூண்டு கழுவுவதும், மயக்கம் தெளியும் நாய்களோடு உட்கார்ந்திருப்பதும்தான் இதுவரை என் வேலை. எட்டு வருட அனுபவம் இருக்கிறது என்று நான் வாயைத் திறக்கவில்லை. போன திங்கட்கிழமை ஆள் குறைந்துவிட்டது. மணிக்கூண்டு ஒரு சிரிஞ்சை நீட்டி, "இதுல ஏத்தும்மா, அளவு சீட்டுல இருக்கு" என்றார். சீட்டைப் பார்த்துவிட்டுப் பழைய பழக்கத்தில் "அரையா?" என்றேன்.

"அரைன்னா?"

"அரை மில்லி."

"எந்த பாட்டில்ல அரை மில்லி?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. ஆனாலும் நான் சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே குழாயடியில் போய் நின்றேன்.

எட்டு வருடமாக நம் கிளினிக்கில் நாம் இப்படித்தான் பேசினோம், அண்ணி. நீங்கள் நாயை ஒரு பார்வை பார்ப்பீர்கள். "கால்" என்பீர்கள், அல்லது "அரை". நான் சிரிஞ்சில் மயக்க மருந்தை ஏற்றிக் கொடுப்பேன். அலமாரியில் எப்போதும் ஒரே பாட்டில், ஒரே வலு. அதனால் மில்லி என்றுகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஜனவரி பதினொன்றாம் தேதி எதிர்க்கடைத் தையற்காரரின் நாய் பாபினுக்குக் காது சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அன்றும் நீங்கள் "அரை" என்றீர்கள், நான் அரை ஏற்றினேன். சொன்னதிலும் தவறு இல்லை, கேட்டதிலும் தவறு இல்லை. பாட்டில்தான் வேறு. அது பண்ணைக்கு எடுத்துப் போகும் பாட்டில், மாட்டுக்கும் குதிரைக்குமானது. ஐந்து மடங்கு வலு. பாபின் எழுந்திருக்கவே இல்லை.

மேசையைத் துடைக்கும்போதுதான் லேபிளைப் பார்த்தேன். நிமிர்ந்தால், நீங்களும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு வெளியே போய் அவரிடம், "வயசாயிடுச்சுங்க, இதயம் தாங்கல" என்றீர்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். நான் முடிக்க நினைத்த வாக்கியம் இதுதான்.

வாலு


மார்ச் 11

வாலு,

கடிதம் வந்தது. உன் அண்ணன் உறையைப் பிரிக்கப் போனார், பிடுங்கிக்கொண்டேன். "உங்க ரெண்டு பேர் நடுவுல நான் தபால்காரன்கூட இல்லையா?" என்று முறுக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

நீ போன அன்று ஃப்ரிட்ஜில் ஒரு சீட்டைக் காந்தத்தால் ஒட்டிவிட்டுப் போனாய். "வேறு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது." எட்டு வருடத்துக்கு நாலே சொல். கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் நான் வந்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது. நான் சமையலறைக்குப் போனால் சமையலறை, மாடிக்குப் போனால் மாடி என்று பின்னாலேயே வந்தாய். உனக்கு வாலு என்று பெயர் வைத்தவளே நான்தான். அந்த வால் இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் அறுந்து போகும் என்று நினைக்கவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். மருந்தை ஏற்றியது யார்? விஷயம் வெளியே போனால் முதல் கேள்வி உன்னைப் பற்றித்தான் வரும். மருத்துவம் படிக்காத பெண்ணை எப்படி மருந்து ஏற்ற விட்டீர்கள் என்று கேட்பார்கள். எனக்கு ஒரு பட்டமாவது இருக்கிறது. உனக்கு? நாளைக்கு எவன் உன்னை உள்ளே விடுவான்? உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன். நன்றி வேண்டாம், குற்றப்பத்திரிகை வாசிக்காமலாவது இரு.

அந்த நாய்க்குப் பதிமூன்று வயது. இதயத்தில் இரைச்சல் இருப்பதை மூன்று வருடம் முன்பே அட்டையில் எழுதியிருக்கிறேன். வெறும் வயிற்றோடு கூட்டி வரச் சொன்னோம். வாந்தியில் ரொட்டி இருந்தது, துடைத்தவளே நீதான். வெளியே வந்ததும் அவரிடம் கேட்டேன், "காலையில ஏதாவது குடுத்தீங்களா?" என்று. "இல்லவே இல்ல டாக்டர்" என்றார். அது பொய். மயக்கத்தை முறிக்கும் மாற்று ஊசியும் போட்டேன். இவ்வளவு இருக்க, மொத்தப் பழியையும் நம் தலையில்தான் கொட்டிக்கொள்ள வேண்டுமா?

அவர் கடையைத் திறக்கிறார், மூடுகிறார். நன்றாகத்தான் இருக்கிறார். ஆறுகிற புண்ணைக் கிளறச் சொல்கிறாய்.

இங்கே பிடிக்க ஆள் இல்லை. நேற்று ஒரு கடுவன் பூனை வந்தது. "பூனைதானே, குடு" என்று உன் அண்ணன் வந்தார். இப்போது இரண்டு கையிலும் களிம்பு தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பூனை நலம்.

படித்ததும் இதைக் கிழித்துப் போடு.

அண்ணி


மார்ச் 19

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை.

வாந்தி வந்தது ஊசி போட்ட நான்காவது நிமிடம். பாபின் அப்போது நின்றுகொண்டிருந்தான். அந்த மருந்து போட்டால் நாய்கள் பலவும் வாந்தி எடுக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். அவன் படுத்ததும் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. மூச்சில் எந்த அடைப்பும் இல்லை. மயக்கத்துக்கு முன்னால் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பது சரி. ஆனால் அன்று அவனைக் கொன்றது ரொட்டி இல்லை. இரைச்சலும் இல்லை. லேசான இரைச்சல் என்றுதான் அட்டையில் உங்கள் கையெழுத்தே சொல்கிறது.

மாற்று ஊசி போட்டீர்கள். எந்த அளவில்? நாம் கொடுத்ததாக நினைத்த அளவுக்கு ஏற்ற மாற்று. நிஜமாகக் கொடுத்தது என்னவென்று நமக்கே அப்போது தெரியாதே.

என்னைக் காப்பாற்றினேன் என்கிறீர்கள். அன்று அந்தக் கதவைத் திறப்பதற்கு முன் திரும்பி, "என்ன செய்யலாம் வாலு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்காகச் சொன்ன பொய் என்று நீங்கள் சொல்லும்போதே அதில் பாதி என் பேருக்கு வந்துவிடுகிறது. நான் அதைக் கேட்டு வாங்கவில்லை.

நான் யோக்கியம் என்பதால் இதை எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்த பாட்டில் ஏன் அலமாரியில் இருந்தது? பண்ணைப் பையின் ஜிப் பிய்ந்துபோய், அதைத் தையற்காரரிடமே தைக்கக் கொடுத்திருந்தோம். பையைக் காலி செய்து எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்கியது நான். ஒரே உயரம், ஒரே நிற மூடி. அழகாக இருக்கிறதென்று பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அது உங்களுக்குத் தெரியாது.

பிராணி படுத்தபின் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துடிப்பு, மூச்சு, ஈறின் நிறம் மூன்றையும் தாளில் எழுதுவது என் பொறுப்பு. பத்து இருபதுக்கும், இருபத்தைந்துக்கும், முப்பதுக்கும் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? அண்ணன் தலைமுடியை வெட்டிக்கொண்டு வந்த கோலத்தைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். நீங்கள் காதைப் பார்த்தீர்கள், நான் விளக்கைப் பிடித்தேன். யாருமே எண்ணவில்லை. பத்து முப்பத்தைந்துக்கு நான் நிஜமாகவே உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஈறு சாம்பல் நிறமாக இருந்தது.

எல்லாம் முடிந்தபின் பார்த்தால் தாளில் மூன்று வரி காலி. நான் நிரப்பினேன். துடிப்பு 80, 80, 80. மூச்சு 16, 16, 16. ஈறு: இளஞ்சிவப்பு, இளஞ்சிவப்பு, இளஞ்சிவப்பு. உயிரோடு இருக்கும் எதற்கும் மூன்று முறை ஒரே எண் வராது. என் கையெழுத்து அவ்வளவு நேர்த்தியாக என்றைக்குமே இருந்ததில்லை.

அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்து எடுத்து வந்துவிட்டேன்.

வாலு


மார்ச் 25

தாளை வைத்துக்கொண்டு என்னை மிரட்டுகிறாயா?

உன் அண்ணனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

உன் ஸ்வெட்டர் இங்கேயே இருக்கிறது. அனுப்பட்டுமா?

அண்ணி


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நகல் எடுக்கவில்லை. இதை நீங்கள் கிழித்துப் போட்டால் எனக்குத் தெரியவே போவதில்லை. தெரிந்தேதான் அனுப்புகிறேன்.

ஸ்வெட்டர் அங்கேயே இருக்கட்டும்.

மணிக்கூண்டிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஊர் பேர் எதுவும் இல்லாமல். வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். "அப்ப நீதான் ஏத்தணும்" என்றார். இப்போது நான்தான் ஏற்றுகிறேன். இங்கே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஏற்றுகிறவர் பாட்டிலைக் கண்ணுக்கு நேரே பிடித்து, மருந்தின் பெயர், ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம், பிராணியின் எடை, சிரிஞ்சில் இருப்பது எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இன்னொருவர் பாட்டிலைக் கையில் வாங்கித் தானே படித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார். "தலையாட்ட ஆள் வேணும்னா பொம்மை வாங்கி வச்சுக்குவேனே" என்பார். முதல் மூன்று நாள் எனக்குக் கூச்சமாக இருந்தது. நாடகத்தில் வசனம் பேசுவதுபோல.

எடையைக் கண்ணால் சொல்லவே கூடாது. நேற்று ஒரு நாயைப் பார்த்து எல்லோரும் பதினெட்டு கிலோ என்றோம். தராசில் பதின்மூன்று காட்டியது. மிச்சமெல்லாம் முடி. ஊசி போட்டபின் கூண்டைத் துணியால் மூடி, சத்தம் இல்லாமல் இருபது நிமிடம் விட்டுவிட வேண்டும். இன்னும் படுக்கவில்லையே என்று பத்தாவது நிமிடமே இன்னொரு ஊசி போடுகிற அவசரக்காரர்களால் போன உயிர்கள் நிறைய என்கிறார்.

பூனைகளுக்குப் போடும் மருந்தில் அவை கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகின்றன. இமை மூடாது. விழி வறண்டுவிடாமல் களிம்பு தடவுவது என் வேலை. முதல் நாள் அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. கண் திறந்திருக்கிறது, எதிரே நான் இருக்கிறேன், ஆனால் அதற்கு எதுவும் தெரியவில்லை. அன்று கதவுக்குப் பின்னால் நின்றபோது என் கண்ணும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இந்த மாதக் கடைசியில் தையற்காரருக்கு நான் எழுதப் போகிறேன். பாட்டில்களை அடுக்கியது, படிக்காமல் ஏற்றியது, தாளை நிரப்பியது. என் பங்கு மட்டும். உங்களைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. ஆனால் பாதி சட்டையைப் பார்த்தே மீதியைச் சொல்லிவிடுகிற தொழில் அவருடையது. உங்கள் வாயால் கேட்பதுதான் அவருக்கு மரியாதை. இதுவும் மிரட்டல் மாதிரிதான் இருக்கிறது. வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வாலு


ஏப்ரல் 13

வாலு,

தாள் கிடைத்தது. இரண்டு நாள் மேசை இழுப்பறையில் இருந்தது. பிறகு பாபினின் அட்டையோடு சேர்த்துக் கோத்துவிட்டேன்.

தையற்கடைக்குப் போனேன். வெறும் கையோடு போக முடியுமா? உன் அண்ணன் பேன்ட் ஒன்றை எடுத்துக்கொண்டு, நீளம் குறைக்க வேண்டும் என்று போனேன். நீளம் சரியாகத்தான் இருந்தது. இப்போது அவர் நடந்தால் கணுக்கால் தெரிகிறது. "துணி சுருங்கிடுச்சு" என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு பொய்யை மறைக்க இப்போது பேன்ட் வரைக்கும் வந்துவிட்டேன், பார்.

நம் பண்ணைப் பை அவர் கடைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. ஜனவரியிலிருந்து நான் கேட்கவும் இல்லை, அவர் கொடுக்கவும் இல்லை. பண்ணைக்குக் காய்கறிப் பையில்தான் மருந்தைத் தூக்கிக்கொண்டு போகிறேன். மாடுகள் சிரிக்காததுதான் குறை. கிளினிக் ஜன்னலில் நின்றால் நேர் எதிரே அந்தப் பை தெரிகிறது. ஜன்னலில் நிற்பதை விட்டுவிட்டேன்.

நன்றாகத்தான் இருக்கிறார் என்று எழுதினேன் அல்லவா? கிட்டப் போய்ப் பார்த்தேன். மெஷினுக்குக் கீழே இடது பக்கம் ஒரு சாக்கு இருக்கிறது. பாபின் அதில்தான் படுத்திருப்பான். அவர் மிதியில் கால் வைக்கும்போது இன்னும் இடது காலை ஒதுக்கித்தான் வைக்கிறார்.

"என்ன டாக்டர், பல்லு வலியா? வாயத் தொறக்காமயே நிக்கிறீங்க?" என்றார்.

"ரெண்டு இஞ்ச் குறைக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இருபது வருடம், வாலு. அவர் ஒரு புகார் எழுதினால் என் மருத்துவர் பதிவை நிறுத்தி வைப்பார்கள். ஷட்டரை இறக்கிவிட்டால் அந்தப் பக்கம் நிற்கிற நான் யார் என்று எனக்கே தெரியாது. பயமாக இருக்கிறது. இந்த வார்த்தையை இதுவரை உன்னிடம் நான் சொன்னதில்லை.

நீ சொன்னதுபோல் வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன். திருப்பிச் சொல்ல ஆள் இல்லாததால் சுவரைப் பார்த்துச் சொல்கிறேன். வரவேற்பறையில் இருந்தவர்கள் டாக்டர் போனில் பேசுகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

எப்படித் தொடங்குவது? புத்தகம் புத்தகமாகப் படிக்கிறவள் நீதானே. முதல் வாக்கியத்தை மட்டும் எழுதி அனுப்பு.

அண்ணி


ஏப்ரல் 19

அண்ணி,

எண்ணிலிருந்து தொடங்குங்கள். என்ன கொடுத்திருக்க வேண்டும், என்ன கொடுத்தோம்.

மன்னிப்பு முதலில் வேண்டாம். அதை முதலில் சொன்னால், உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய வேலை அவர் தலையில் விழும். அவர் அப்படிப்பட்டவர். நடந்ததைச் சொல்லி முடித்துவிட்டு, அவர் பேசும் வரை பேசாமல் இருங்கள். எவ்வளவு நேரமானாலும். இங்கே கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். பிராணி தானாகத் தலையைத் தூக்கும் வரை நாம் தொடக் கூடாது.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

வாலு


மே 2

வாலு,

நேற்று மதியம் போனேன். வெறும் கையோடு. கடையில் வேறு யாரும் இல்லை.

"பைக்காகவா டாக்டர்?" என்று எழுந்தார்.

"பைக்காக இல்ல. உட்காருங்க" என்றேன். அவர் கடையிலேயே அவரை உட்காரச் சொல்கிறேன், பார்.

எண்ணிலிருந்து தொடங்கினேன். பாபினின் எடைக்குப் பத்து மில்லிகிராம் போதும், ஐம்பது போய்விட்டது என்றேன். இரண்டு பாட்டில், ஒன்று பண்ணைப் பையில் இருந்தது, ஒரே மூடி, நான் லேபிளைப் படிக்கவில்லை, வாலு கையில் கொடுத்ததை வாங்கி அப்படியே போட்டேன், அன்றைக்கே எனக்குத் தெரியும், தெரிந்தே இதயம் என்று சொன்னேன். அவ்வளவும் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நாலு மாதம் சுமந்தது இரண்டு நிமிடம்தான் நீளம்.

பிறகு நீ சொன்னபடி வாயை மூடிக்கொண்டேன். அவர் நூல் கத்தரிக்கோலை எடுத்தார், வைத்தார். ரொம்ப நேரம் கழித்து, "அப்ப ரொட்டி இல்லையா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"காலையில ஒரு துண்டு குடுத்தேன் டாக்டர். பட்டினி போடச் சொல்லிட்டீங்க, சரிதான். ஆனா அவன் வந்து மூஞ்சியத் தூக்கிக்கிட்டு நின்னான். மனசு கேக்கல. சின்னத் துண்டு, டீயில நனைச்சு. நீங்க வெளிய வந்து மொத வார்த்தையா அதத்தான் கேட்டீங்க, காலையில ஏதாவது குடுத்தீங்களான்னு. பயத்துல இல்லன்னுட்டேன். ஆனா நீங்க கேட்டப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. இதயம்னு சொன்னது, என் மனசு நோகக் கூடாதுன்னு நீங்க சொன்ன பொய்ன்னு நெனச்சேன். எவ்வளவு நல்ல மனசுன்னு வீட்லகூட சொன்னேன்."

வாலு, நாலு மாதமாக அந்த மனிதர் தன் கையால்தான் அவன் செத்தான் என்று அந்தச் சாக்கைப் பார்த்துக்கொண்டு தைத்திருக்கிறார். நான் சொன்ன பொய் பொய்யென்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்காக என்னைக் கும்பிட்டிருக்கிறார். அந்தக் கேள்வியை ஏன் கேட்டேன் தெரியுமா? உன்னிடம் ஒளிக்க முடியாது. ரொட்டியைப் பார்த்ததும் ஒரு கைப்பிடி கிடைத்ததுபோல் இருந்தது. அதனால் கேட்டேன்.

"ரொட்டியால ஒன்னும் ஆகல. அவன் வாய், மூச்சு எல்லாம் சுத்தமா இருந்துச்சு. வாலு பாத்தா" என்றேன்.

அவர் நிமிர்ந்து ஆணியில் இருந்த பையைப் பார்த்தார். "இந்தப் பை இங்க இருந்ததாலதானே அந்த பாட்டில் அலமாரிக்குப் போச்சு? ஜிப்பு கெடைக்கலன்னு ரெண்டு நாள் இழுத்துட்டேன். சொன்ன அன்னிக்கே குடுத்திருந்தா..."

இன்னொரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார் எனக்கு. பேசாமல் இருந்தால் போதும், உள்ளே போய்விடலாம். ஒரு நொடி பேசாமல்தான் இருந்தேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

"இல்ல. பை எங்க இருந்தாலும் நான் பாட்டிலப் படிச்சிருக்கணும். படிக்கல. உங்க மேல நூலளவுகூடத் தப்பு இல்ல" என்றேன்.

அதன்பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. எழுந்தே விட்டார். "நாலு மாசம் டாக்டர். எதிர்லதானே இருந்தீங்க?"

திரும்பி எதிரே நம் ஜன்னலைப் பார்த்தேன்.

"அந்த பாட்டிலக் கொண்டாங்க."

கொண்டு வந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளைப் படித்தார். "இவ்வளவு பொடி எழுத்துல போட்டா" என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து பாட்டிலைச் சுற்றி ஒரு தரம் வைத்தார், உயரத்துக்கு ஒரு தரம். எதற்கென்று தெரியவில்லை. கையின் பழக்கம் என்று நினைத்தேன். பிறகு, "இப்ப சொன்னத எழுதிக் குடுங்க" என்றார்.

அவருடைய அளவு நோட்டிலிருந்தே ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். எழுதினேன். பதிவு எண்ணோடு கையெழுத்துப் போட்டேன். அப்போதுதான் மன்னிப்பும் கேட்டேன். அவர் தாளை மடித்து பொத்தான் டப்பாவுக்குள் வைத்தார். புகார் கொடுப்பாரா, மாட்டாரா, தெரியாது. கேட்கவில்லை.

உன் மூன்று வரியைப் பற்றி நான் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

சாயங்காலம் உன் அண்ணனிடமும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுக்குத்தான் ரெண்டு பேரும் தபால்ல கண்ணாமூச்சி ஆடிட்டு இருந்தீங்களா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப என் பேன்ட்?" என்றார்.

அண்ணி


மே 10

அண்ணி,

அவருக்கு எழுதிவிட்டேன். மூன்று வரியையும் அப்படியே எழுதி, எதிரே "எண்ணவில்லை" என்று மூன்று முறை எழுதினேன். ஈறு சாம்பலாக இருந்தது என்பதை எழுதும்போது மட்டும் பேனாவைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

வாந்தியில் ரொட்டி இருந்ததை அன்றே துடைத்தவள் நான். அவர் மறைக்கிறார் என்று எனக்கும் தெரியும். பாவம், தெரியாத மாதிரி இருந்துவிடுவோம் என்று நினைத்தேன். நாம் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

பேன்ட்டுக்கு மடிப்பு விட்டிருப்பார். பிரித்தால் இரண்டு இஞ்சும் கிடைக்கும். அண்ணனிடம் சொல்லுங்கள்.

வாலு


மே 28

வாலு,

புகார் எதுவும் இதுவரை வரவில்லை. என் தாள் இன்னும் பொத்தான் டப்பாவில்தான் இருக்கிறது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது அந்த நினைப்போடுதான் தூக்குகிறேன். அப்படியே இருக்கட்டும் என்றும் சில சமயம் தோன்றுகிறது.

முந்தாநாள், மடிப்பைப் பிரிக்கக் கொடுத்திருந்த பேன்ட்டை வாங்கப் போன உன் அண்ணனிடம் பண்ணைப் பையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். "டாக்டர்கிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்று இவர் கேட்டதற்கு, "ஒன்னுமில்ல" என்றாராம்.

புது ஜிப். உள்ளே ஒரு உறை இருந்தது, கையளவு. முரட்டுக் கான்வாஸ் துணி. தடவிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மழைக்காலத்தில் பாபினுக்குப் போட்டு விடுவாரே ஒரு சட்டை, அந்தத் துணி. பண்ணை பாட்டிலுக்கு அச்சாகப் பொருந்துகிறது. இப்போது அலமாரிக்குள் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாலும் எது எந்த பாட்டில் என்று விரலுக்கே தெரியும்.

மேலே மூடி மாதிரி ஒரு மடிப்பு, அதற்கு மூன்று பொத்தான். துளைகளை வேண்டுமென்றே சின்னதாகப் போட்டிருக்கிறார். அவசரமாகத் திறக்கவே முடியாது. ஒவ்வொரு பொத்தானையும் திருகித் திருகித்தான் எடுக்க வேண்டும். இன்று பண்ணையில் கடிகாரத்தைப் பார்த்தேன், அரை நிமிடம் ஆகிறது. அதற்குள் எதற்காகத் திறக்கிறேன், எந்தப் பிராணிக்கு, என்ன எடை என்று எல்லாம் தானாக மனதில் ஓடிவிடுகிறது.

இது கோபமா மன்னிப்பா, எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது. நகம்தான் உடைந்துவிட்டது.

அண்ணி


ஜூன் 5

அன்புள்ள அண்ணிக்கு,

எனக்கும் தெரியவில்லை. மணிக்கூண்டிடம் அந்த உறையைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்குள் ஐந்து நிமிடம் ஆகிவிட்டதை அவரே மறந்துவிட்டார், நாங்கள்தான் "அஞ்சாச்சு" என்று கத்தினோம்.

ஸ்வெட்டரை அனுப்ப வேண்டாம். ஆகஸ்டில் பத்து நாள் லீவு இருக்கிறது, நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். அதுவரை சுவரிடம் சொல்லுங்கள். வந்ததும் நான் திருப்பிச் சொல்கிறேன்.

ஒன்றே ஒன்று. திறந்து திறந்து பொத்தான் துளைகள் போகப் போகத் தளர்ந்துவிடும். ஒரு நாள் விரல் பட்டாலே கழன்று வரும், உங்களுக்கும் அது சௌகரியமாக இருக்கும். அன்றைக்கு அதை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போங்கள். இறுக்கித் தைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

வாலு